உப்பு லாரி பம்பில் ஒரு கால் சுற்று

போன மாதம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், பெட்ரோல் பங்க் ஒன்றை ஒட்டி, வண்டிப் புகையைச் சோதிக்கும் நிலையம் திறந்தார்கள். ஒரு காலத்தில் என் கீழே வேலை பார்த்த இரண்டு பேர்தான் அதை நடத்துகிறார்கள். மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு டீசல் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, சைலன்சருக்குள் குழாயைச் செருகி, ஆக்ஸிலரேட்டரை அமுக்கினார்கள். ஒரு பெட்டி கிர்ரென்று சத்தம் போட்டு, எண் அடித்த சீட்டு ஒன்றைத் தந்தது. அவ்வளவுதான் சோதனை.

"உங்க காலத்துல இத்தெல்லாம் எப்டிய்யா பாத்தீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"கண்ணால பாத்தோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது, ஓய்வு பெற்றவர்கள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு எழுத இருப்பது ஒரே ஒரு விஷயம். ஒரு டீசல் பம்பின் திருகாணியை நான் கால் சுற்று திருப்பினேன். அதனால் யூசுப் பாய் என்கிற மனிதர் தம் இடத்தையும் பெயரையும் இழந்தார். தப்பு யாருடையது என்பது இத்தனை வருஷம் எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரிந்திருந்தது. அந்த இன்னொருவர் போன தையில் செத்துப்போனார். இனிமேலாவது சொல்லிவிட வேண்டும்.

நான் தொழில் கற்றதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம். லாரிகளின் முதுகில் கரி அடுப்பு மாதிரி ஒரு டப்பாவைக் கட்டி, கரி வாயுவில் ஓட்டினார்கள். அந்த டப்பாவைத் துடைக்கிற வேலையில் சேர்ந்து, உடம்பெல்லாம் கரியாக இரண்டு வருஷம் ஓட்டினேன். யுத்தம் முடிந்து, சீமையிலிருந்து டீசல் லாரிகள் கப்பலில் வந்து இறங்க ஆரம்பித்தபோது ராயபுரத்தில் துறைமுகச் சுவரைப் பார்த்தபடி இருந்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அங்கே பம்பு ரூம் என்று ஒரு தனி அறை. அதற்கு ஃபோர்மேன் யூசுப் பாய். என்னை அவரிடம் அனுப்பினார்கள்.

தொழில் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினில் தீ மூட்டத் தனியாக ஒரு பிளக் இருக்கிறது. டீசலில் அது கிடையாது. பிஸ்டன் வெறும் காற்றை உள்ளே இழுத்து நசுக்கும். நசுங்கிய காற்று பழுக்கக் காய்ந்துவிடும். சரியாக அந்த நேரத்தில் எண்ணெயைப் பனி மாதிரி உள்ளே தூவினால் தானே பற்றிக்கொள்ளும். அளந்து தள்ளுவது பம்பு, தூவுவது நாசில். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளித்தால் சுர்ரென்று காணாமல் போகிறது, ஒரு கரண்டி ஊற்றினால் தேங்கி நிற்கிறது இல்லையா, அது மாதிரிதான் இதுவும். நாசில் நன்றாகத் தூவினால் எல்லாம் எரிந்துவிடும். சொட்டுச் சொட்டாக விட்டால் சொட்டின் மேல்புறம் மட்டும் எரிந்து, உள்ளே இருப்பது கரியாகி வெளியே வரும். எண்ணெய் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டால் எஞ்சின் சுத்தியால் அடித்த மாதிரி சத்தம் போடும். பிந்தி வந்தால் வெள்ளைப் புகை, கண் எரிச்சல், இழுவை போச்சு.

இதையெல்லாம் விட முக்கியம் அளவு. ஒரு சிலிண்டருக்குள் அடங்குகிற காற்று இவ்வளவுதான். அந்தக் காற்றால் எரிக்க முடிகிற எண்ணெயும் இவ்வளவுதான். அதற்குமேல் தள்ளினால் கொஞ்சம் இழுவை கூடும், நிறையக் கரும்புகை வரும், உள்ளே சூடு எக்கச்சக்கமாக ஏறும். எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே இருக்கிற மசகு எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். பிஸ்டனுக்கு அது எமன். அதற்காகத்தான் எந்த டீசல் பம்பிலும் 'இதற்கு மேல் போகாதே' என்று தடுக்க ஒரு திருகாணி உண்டு. அதை அளவு பார்த்து நிறுத்தி, கம்பி கோத்து, ஈயத்தில் சீல் வைத்துவிட வேண்டும்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அந்த சீல் வைக்கும் குறடு யூசுப் பாயிடம் மட்டும்தான் இருந்தது. அதன் வாயில் அவர் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கியிருந்தார்கள். ஈயத்தைக் கடித்தால் எழுத்து பதியும்.

பாய்க்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு. ஒல்லியான உடம்பு, எப்போதும் துவைத்த நீல உடுப்பு, சட்டைப் பையில் மடித்த கைக்குட்டை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதற்காக அவரைச் சாது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் அதைச் செய்தவனைத் திட்ட மாட்டார். அவன் எதிரிலேயே மொத்தத்தையும் கழற்றிப் போட்டு, முதலிலிருந்து தானே பூட்டுவார். அவன் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இரண்டு முறை அப்படி நின்றிருக்கிறேன். நாலு அறை வாங்கியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அவர் நாசில் பார்க்கிற விதமே தனி. கையால் அடிக்கிற சின்னப் பம்பில் நாசிலை மாட்டி, நெம்புகோலை மெதுவாக அமுக்குவார். நல்ல நாசில் கிர்ர் என்று பேசும், எதிரே வைத்த காகிதத்தில் பூத்தூவல் மாதிரி ஈரம் படியும். கெட்ட நாசில் உஸ் என்று ஒரு பக்கமாகப் பீய்ச்சும், நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டைக் கைக்குட்டையால் தொட்டு, என் முகத்துக்கு நேராக நீட்டி, "பாரு நைனா, இத்துதான் ரோட்ல போறவன் மூக்குல பூர்றது" என்பார். தூவலுக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோனால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். தோலைக் கிழித்துக்கொண்டு எண்ணெய் உள்ளே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும், ஒருவன் விரல் போனதை அவர் பார்த்திருந்தார்.

பம்பை அளக்கிற மேடைக்குப் பெஞ்ச் என்று பெயர். பம்பை அதில் மாட்டி மோட்டாரால் சுற்ற விட்டால், ஆறு குழாய் வழியாக ஆறு கண்ணாடிக் குடுவையில் எண்ணெய் இறங்கும். குடுவையில் கோடு கோடாக அளவு. நான் மோட்டார் சுவிட்சில் கை வைத்து எண்ணுவேன். பம்பு இருநூறு தடவை அடித்ததை எண்ணியதும் நிறுத்துவேன். பாய் குடுவைகளைக் கைக்குட்டையால் துடைத்து, முழங்காலை மடித்து, கண்ணை எண்ணெயின் மட்டத்துக்குக் கொண்டுவருவார். இடது கண்ணை மூடிக்கொள்வார். உதடு அசையும். ஆறும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எண்ணுவது என் வேலை, படிப்பது அவர் வேலை. அதில் மட்டும் இன்னொருவரை விடமாட்டார். படித்ததை நோட்டில் எழுதி, திருகாணியை நிறுத்தி, சீல் வைப்பார். வண்டியில் பம்பை மாட்டியபின் பின்பக்கத்தைச் சுண்ணாம்பு அடித்த மதில் சுவரைப் பார்க்க நிறுத்தி, எஞ்சினை முறுக்கச் சொல்லி, புகை எப்படி அடிக்கிறது என்று பார்ப்பார். மாதம் ஒருமுறை அந்தச் சுவருக்குத் தன் கையாலேயே சுண்ணாம்பு அடிப்பார்.

அந்த நாளில் டிரைவர்களுக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. கரும்புகை வந்தால்தான் வண்டிக்குத் தெம்பு என்று நம்பினார்கள். கண்ணாடியில் பின்னால் பார்த்து, ரோடு இருட்டினால் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். மற்ற ஒர்க்‌ஷாப்களில் டிரைவர் கேட்டால் சீலை அறுத்து, "கால் சுத்து" விட்டுக் கொடுப்பார்கள். பம்புக்காரனுக்கும் டிரைவருக்கும் நடுவே அது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. பட்டறைக்கு வந்த வண்டிக்கு ஒரு கால் சுற்று விடாமல் அனுப்பினால் மரியாதைக் குறைவு. எங்களிடம் மட்டும் அது நடக்காது. பாயிடம் கேட்டால், "அது எரியாத எண்ணெய்ப்பா. வானத்துல கொட்டறதுக்கு நான் எதுக்கு?" என்று திரும்பிக்கொள்வார்.

மாணிக்கம் மாமா என் அக்காவின் புருஷன். அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு உப்பு மூட்டை ஏற்றிவரும் லாரிக்கு டிரைவர். நல்ல மனிதர், கைராசியான டிரைவர், வாய் மட்டும் நீளம். அவருடைய முதலாளியிடம் இரண்டு லாரி இருந்தது. இன்னொரு லாரிக்கு வேறு பட்டறையில் கால் சுற்று விட்டிருந்தார்கள். அது எண்ணூர் மணல் ரோட்டிலும் கால்வாய்ப் பாலத்து ஏற்றத்திலும் மாமாவின் வண்டியைத் தாண்டிப் போய்விடும். "மச்சான் பம்பு ரூம்ல கீறான், மாமன் வண்டி மாடு மாரி போவுது" என்று அந்த டிரைவர் உப்பளத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கிறான். மாமாவுக்கு அது ஆறவில்லை.

அவர் வண்டியின் பம்பு எங்களிடம் வந்தது. ஒரு வியாழக்கிழமை பாய் அதைப் பெஞ்சில் ஏற்றி, அளந்து, பதினாலாவது கோட்டில் நிறுத்தி, சீல் வைத்தார். வெள்ளிக்கிழமை காலை நான் அதை வண்டியில் மாட்டினேன். மத்தியானம் பாய் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல் போவார். வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் பம்பு ரூம் சாவியும் குறடு இருக்கிற மேஜை டிராயர் சாவியும் என்னிடம் இருக்கும். அதை அவர் ஒரு பெரிய நம்பிக்கையாகக்கூட நினைத்துக் கொடுத்ததில்லை. தொப்பியைப் பையில் எடுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி, சாவியை என் கையில் போட்டுவிட்டுப் போவார்.

அவர் போனதும் மாமா உள்ளே வந்தார்.

"மச்சான், ஒரே ஒரு கால் சுத்து."

"வேணாம் மாமா. பாய் சீல் வச்சிட்டாரு."

"சீலு இன்னாடா, சாமி கழுத்துத் தாலியா? அறுத்துட்டு வேற வையி. குறடு உன்கிட்டதானே கீது."

"வண்டிக்கு ஆவாது."

"எல்லா வண்டியும் அப்டிதான் ஓடுது. எனக்கு மட்டும்தான் ஆவாதா? உங்கக்கா கேட்டா, தம்பியாண்ட சொன்னேன், அவன் பாய்க்கு பயந்துகினு மூஞ்சத் திருப்பிக்கினான்னு சொல்றேன்."

அக்காவைச் சொன்னதால் செய்தேன் என்று எழுதினால் அது பொய். நானே அந்த வண்டியை ஓட்டிப் பார்த்திருந்தேன், பாலத்து ஏற்றத்தில் அது திணறுவது எனக்கும் பிடிக்கவில்லை. அதைவிடவும் ஒன்று உண்டு. பாய் இல்லாமல் நானே ஒரு பம்பை முடித்து, நானே சீல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. முப்பது வயதுக்காரனுக்கு அது ஒரு வெறி. டிராயரைத் திறந்தேன். கம்பியை அறுத்தேன். லாக் நட்டைத் தளர்த்தி, திருகாணியைக் கால் சுற்று திருப்பினேன். நட்டை இறுக்கி, புதுக் கம்பி கோத்து, ஈயத்தை வைத்துக் குறட்டால் கடித்தேன். பாயின் எழுத்து அழகாகப் பதிந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

பாய் திரும்பி வருவதற்குள் வண்டியை அனுப்பிவிட்டேன்.

"சொவத்துல பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன் பாய். சுத்தமா இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பம்பை எடுத்தார்.

அடுத்து வந்த வாரங்களில் திருவொற்றியூர் ரோட்டில் அந்த லாரியை நாலைந்து தடவை பார்த்தேன். மூட்டை ஏற்றி வரும்போது அதன் பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓரம் ஒதுங்குவார்கள். ரோட்டோரம் கருவாடு காயப்போடுகிற பெண்கள் ஏசுவது என் காதில் விழுந்தது. மாமா என்னைப் பார்த்ததும் ஹாரன் அடித்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மூன்று மாதம் தாங்கியது. நல்ல வெயில் நாளில், முழுப் பாரத்தோடு பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் டமாரென்று நின்றுபோயிற்று. வண்டியை இன்னொரு லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். திறந்து பார்த்தால் மூன்றாவது பிஸ்டனின் தலையில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. இரண்டாவதும் நாலாவதும் சிலிண்டர் சுவரோடு இழைந்து போயிருந்தன. அந்த மாடலுக்குப் பிஸ்டன் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உப்பு முதலாளி நேராக மானேஜர் அறைக்குப் போய், "உங்க சீல் வச்ச பம்புதான். அறுபடல, பாத்துக்கோங்க" என்று மேஜையைத் தட்டினார்.

பாய் முதலில் சீலைப் பார்த்தார். ஈயத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். தன் எழுத்து. கம்பி அறுபடவில்லை. நாசில்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார், ஆறும் கிர்ரென்று பேசின. பிறகு பம்பைப் பெஞ்சில் ஏற்றச் சொன்னார். மானேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உப்பு முதலாளியும் நின்றார். மாணிக்கம் மாமா தூரத்தில் தண்ணீர்த் தொட்டியருகே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சுவிட்சில் கை வைத்தேன். இருநூறு எண்ணி நிறுத்தினேன். பாய் குடுவையைத் துடைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். நிமிரவே இல்லை. குடுவையைக் காலி செய்து, "இன்னொருவாட்டி எண்ணு" என்றார். எண்ணினேன். மறுபடியும் குனிந்தார். மூன்றாவது முறையும் எண்ணச் சொன்னார். மூன்றாவது முறை நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"பதினெட்டு" என்றார்.

நோட்டைப் புரட்டினார். அவர் கையெழுத்தில் பதினாலு என்று இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இல்லை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏகாம்பரம், நீ இத்தத் தொட்டியா?"

அவர் அந்தக் கேள்வியை ஒரு முறைதான் கேட்டார்.

"இல்ல பாய்" என்றேன்.

உடனே நம்பிவிட்டார். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், என் முகத்தை இன்னொரு முறை பார்த்திருந்தால், வெள்ளிக்கிழமைச் சாவியை நினைத்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் அதையெல்லாம் நினைக்கவில்லை. நான் இல்லை என்றதும் அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது. மானேஜரிடம் போனார்.

"சீலு என்னுது சார். அளவு தப்பா கீது. நான்தான் தப்பாப் படிச்சிக்கீறேன்."

"உங்க சீலைப் பாத்துத்தான் பாய் இந்த ஊர்ல பாதி வண்டி நம்ம கேட்டுக்குள்ள வருது" என்றார் மானேஜர். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கே வருத்தம்தான். "வண்டிய மதில்ல நிறுத்திப் பாக்கலையா?"

"அன்னிக்கு நான் பள்ளிவாசல்ல இருந்தேன். இவன்தான் பாத்தான். வெறும் வண்டிய முறுக்குனா எது தெரியும் சார்? பாரம் ஏறுனாத்தான் அதோட சேதி தெரியும். இவன் மேல தப்பு இல்ல. நான் இருந்திருக்கணும்."

நான் கையில் ஒரு குடுவையோடு அங்கேயே நின்றேன். அந்த நேரத்தில் முழு உண்மையைச் சொல்லத் துணிச்சல் இல்லை என்றால்கூட, ஒரு சின்னப் பொய்யால் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். அன்று நான்தான் எண்ணினேன், எண்ணிக்கை தவறியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். இருநூறுக்கு முன்பே நான் நிறுத்தியிருந்தால் குடுவையில் எண்ணெய் குறைந்து, பதினெட்டு வர வேண்டியது பதினாலாகத் தெரிந்திருக்கும். தப்பு எனக்கு வந்திருக்கும். சின்ன ஃபிட்டர் என்று ஒரு வாரம் வேலையை நிறுத்தி வைத்துவிட்டு விட்டிருப்பார்கள். அது எனக்கு அப்போதே தோன்றியது. அதையும் நான் சொல்லவில்லை.

வேலையை விட்டு அவரை அனுப்பவில்லை. உப்பு முதலாளியைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்ததால் பாயைப் பம்பு ரூமிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். காஸ்கட், போல்ட்டு, வாஷர் எடுத்துக் கொடுக்கிற ஜன்னல். சீல் குறட்டை மானேஜர் வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அதை என்னிடம் கொடுத்தார். பாயைத் தவிர அந்த அறையில் வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குறடு என் கைக்கு வந்த அன்று சாயங்காலம் மாணிக்கம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பிஸ்டன் வரும்வரை அவருக்கு வண்டி இல்லை, உப்பளத்தில் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார். தோளெல்லாம் உப்பு அரித்த புண்.

"சொல்லிடலாம் மாமா" என்றேன்.

"சொன்னா ரெண்டு பேர் வேலையும் பூடும். அந்தாளுக்கு வேல கீதுல்ல, ஜன்னல்ல குந்திக்கினு ஜம்முனு கீறாரு. சொம்மா கெட."

அவர் சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இன்னொருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரட்டும் என்றுதான் கேட்டிருக்கிறேன் என்பது பிறகு புரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் சாகும்வரை.

நாலு வருஷம் பாய் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் நான் போய்ச் சாமான் கேட்பேன். முன்பெல்லாம் கையை வைத்தால் எந்த வாஷர் என்று சொல்லுகிற மனிதர், இப்போது ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டி, "சரியா கீதா பாரு" என்பார். முதலில் கேலி என்று நினைத்தேன். கேலி இல்லை. மூக்குக் கண்ணாடி வாங்கினார். அது சரியில்லை என்று இன்னொன்று மாற்றினார். எழும்பூர் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டினார். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. கண்ணில் ஏதாவது இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார் போலிருந்தது.

பம்பு ரூமுக்குள் அவர் வரவே மாட்டார். வாசல் வரை வந்து சீட்டை நீட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். ஒருநாள் உள்ளே ஒரு நாசில் ஒரு பக்கமாகப் பீய்ச்சுகிற சத்தம் வெளியே கேட்டது. வாசலில் நின்றவர் தலையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கீழே பார்த்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த நாசிலைக் கழற்றிப் பார்த்தேன், நுனியில் சொட்டு நின்றது.

அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, ஆளுக்கொரு வார்த்தை பேசி, கேசரியும் டீயும் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்தபின் மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு பம்பு ரூமுக்கு வந்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக உள்ளே வந்து, பெஞ்ச் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தனியாக இருந்தேன்.

"ஒண்ணு கேக்கணும் ஏகாம்பரம். அந்த உப்பு லாரி பம்பு."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரிந்திருக்கட்டும், அவரே கேட்டுவிடட்டும் என்று அந்த ஒரு நொடி மனசார வேண்டினேன்.

"நாலு வருசமா யோசிச்சிக்கினே கீறேன். ராத்திரி தூக்கம் வரலன்னா அத்தயேதான் திருப்பித் திருப்பிப் பாக்குறேன். எங்க தப்பு பண்ணேன்னு தெர்ல. நீ அன்னிக்கு என் பக்கத்துல நின்னே. எண்ணிக்க தப்பிச்சா, கண்ணு தப்பிச்சா? உனக்கு இன்னா தோணுது?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட எளிதாக ஒரு மனிதன் இன்னொருவனுக்கு வாசலைத் திறந்துவிட முடியாது. எண்ணிக்கை என்றால் நான். கண் என்றால் அவர். மூன்றாவதாக ஒன்று இருப்பதையே அவர் நினைத்திருக்கவில்லை.

"கண்ணாத்தான் இருக்கும் பாய்" என்றேன். "வயசாவுதுல்ல."

மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"நானும் அதான் நெனச்சேன்" என்றார். எழுந்து என் தோளைத் தட்டிவிட்டு, மாலையை எடுத்துக்கொண்டு போனார்.

ஆறு வருஷம் கழித்து அவர் இறந்த சேதி வந்து பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அவர் மகன் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். அவனும் மெக்கானிக் தொழிலுக்கே வந்துவிடுவான் என்று நினைத்திருந்தேன், அவன் துணிக்கடையில் இருந்தான். "அத்தா என்னை உங்க ஒர்க்‌ஷாப் பக்கமே வுடலண்ணே" என்றான். "வூட்ல ஒரு ஸ்க்ரூ டைட் பண்றதுன்னாக்கூட என்னைத்தான் கூப்டுவாரு. பண்ணி முடிச்சதும், நல்லாப் பாரு, என் கண்ண நம்பாதன்னுவாரு." அப்போதும் நான் அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த மலர் அவன் கைக்குப் போகுமா என்று தெரியாது. ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். படிக்கப் பொறுமை இல்லை என்றால் அவன் இந்தக் கடைசி வரிகளை மட்டும் படித்தால் போதும்.

அந்த வியாழக்கிழமை நான் எண்ணியது சரியாக இருநூறு. எண்ணி நிறுத்தியபின் உன் அத்தா குனிந்து படித்தார். அவர் தோளுக்கு மேலாக நானும் எட்டிப் பார்த்தேன். ஆறு குடுவையிலும் எண்ணெய் பதினாலாவது கோட்டில்தான் நின்றது. அவர் சரியாகத்தான் படித்தார்.